முதுகின் மேல் ஒரு டஸ்டர்: நடுவுடல் பயிற்சியில் எளிதிலிருந்து கடினத்துக்கு

(கள்ளக்குறிச்சியில் ஆசிரியர்கள் கூடிய ஒரு பயிற்சி நாளில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வராயன் மலைப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் சிலர் இங்கே வந்திருக்கிறீர்கள். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் காலைப் பேருந்தில் இறங்கியிருப்பீர்கள். உட்கார இடம் கிடைத்திருக்காது. ஒவ்வொரு வளைவிலும் கம்பியை இறுக்கிப் பிடித்திருப்பீர்கள். அதே பேருந்தில், இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாக ஓர் அம்மா எதையும் பிடிக்காமல் நின்றிருப்பார். பேருந்து வலப்பக்கம் சாய்ந்தாலும் இடப்பக்கம் சாய்ந்தாலும் அவருடைய உடம்பு தானாகச் சரிசெய்துகொள்ளும். நாம் கம்பியோடு போராடுகிறோம், அவர் குழந்தையோடு பேசிக்கொண்டு வருகிறார்.

அந்த அம்மாவிடம் இருப்பதற்குப் பெயர்தான் நடுவுடல் நிலைத்தன்மை. ஆங்கிலத்தில் கோர் ஸ்டெபிலிட்டி என்கிறார்கள். கையும் காலும் எந்தப் பக்கம் போனாலும், வெளியிலிருந்து எந்த விசை வந்து தள்ளினாலும், நடு உடம்பு தன் நிலையை விடாமல் இருப்பது. இதை நம் பிள்ளைகளிடம் எப்படி வளர்ப்பது, அதிலும் எந்த வரிசையில் வளர்ப்பது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பேசத் தொடங்கும் முன் ஒரு கேள்வி. சென்ற ஒரு மாதத்தில் முதுகு வலி, இடுப்பு வலி வந்தவர்கள் மட்டும் கை தூக்குங்கள்.

பார்த்தீர்களா? என் கையும் மேலேதான் இருக்கிறது. ஆகவே இது பிள்ளைகளுக்கான பேச்சு மட்டும் அல்ல.

நடுவுடல் என்றால் என்ன?

நடுவுடல் என்றதும் சினிமாக் கதாநாயகனின் வயிற்றில் தெரியும் கட்டுகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பானையை நினைத்துக்கொள்ளுங்கள். மூடி உதரவிதானம், அதாவது நாம் மூச்சு விடும் தசை. அடிப்பகுதி இடுப்புத் தளத் தசைகள். முன்னாலும் பக்கவாட்டிலும் வயிற்றைச் சுற்றி ஒட்டியாணம் போல ஓடும் குறுக்குத் தசை. பின்னால் முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவையும் பிடித்திருக்கும் சிறு தசைகள். இந்த நான்கும் சேர்ந்து ஒரே நேரத்தில் இறுகினால் பானை உறுதியாக நிற்கும். ஒன்று பிந்தினாலும் நெளியும்.

கழுத்திலிருந்து இடுப்பு வரை அசையும் எலும்புகள் 24. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய அடுக்கு அது. தசைகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, எலும்பும் தசைநாரும் மட்டும் இருக்கும் இடுப்பு முதுகெலும்பின் மேல் எடை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். ஏறக்குறைய 90 நியூட்டனில், அதாவது 9 கிலோ எடையிலேயே அது வளைந்து சரிந்துவிட்டது. நம் வீட்டில் ஒரு குடம் தண்ணீர் அதைவிடக் கூடுதல் எடை. அப்படியானால் குடத்தைச் சுமப்பது எலும்பு மட்டும் அல்ல, அதைச் சுற்றி நிற்கும் தசைகளும்தான்.

1996இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவரைக் கையைச் சட்டென்று தூக்கச் சொன்னார்கள். கைத் தசை வேலை செய்யத் தொடங்கும் முன்பே வயிற்றின் குறுக்குத் தசை இறுகியது. உடம்பு முதலில் நடுவைப் பிடித்துக்கொண்டு, பிறகுதான் கையை அனுப்புகிறது. முதுகு வலி உள்ளவர்களிடம் அந்தத் தசை தாமதமாக இறுகியது. ஆக, இங்கே பலம் மட்டும் போதாது. சரியான நேரத்தில் பிடிக்கும் பழக்கமும் வேண்டும். பழக்கத்தை எளிதிலிருந்துதான் தொடங்க முடியும்.

நான் செய்த தவறு

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தவறு செய்துதான் தெரிந்துகொண்டேன்.

பணிக்கு வந்த புதிதில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே நேரத்தில் பலகை நிலையில், அதாவது பிளாங்க் நிலையில், ஒரு நிமிடம் நிற்க வைத்தேன். கையில் விசில், கண் கடிகாரத்தில். மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பையன். மேட்டில் ஓடினால் அவனை யாராலும் பிடிக்க முடியாது. அவன் கடைசி வரை நின்றான். எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். அவன் இடுப்பு தொட்டில் போலத் தொங்கியதையும், முகம் சிவக்க மூச்சை அடக்கியிருந்ததையும் நான் பார்க்கவில்லை. மறுநாள் வந்து, "சார், இடுப்பு புடிச்சிக்கிச்சு சார்" என்றான்.

அதே வகுப்பில் ஒரு பெண். பத்து வினாடிகூட நிற்க முடியவில்லை. விழுந்தாள். வகுப்பு சிரித்தது. நானும் "அவ்வளவுதானா?" என்று கேட்டேன். அதன் பிறகு உடற்கல்விப் பாடவேளை வந்தாலே அவளுக்கு வயிற்று வலி. மரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள். பல வாரங்கள் ஆன பிறகுதான் அந்த வயிற்று வலிக்குக் காரணம் நான் என்பது எனக்குப் புரிந்தது.

ஒருவன் கடினமானதைத் தவறாகச் செய்தான். ஒருத்தி கடினமானதால் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எல்லோருக்கும் ஒரே படியைக் கொடுத்தேன்.

எண்ணும் எழுத்தும் வகுப்பை நடத்தும் தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரும்பு நிலையில் இருக்கும் குழந்தையிடம் மலர் நிலைப் பயிற்சித்தாளை நீங்கள் கொடுப்பதில்லை. குழந்தை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை, எந்த நிலையில் இருக்கிறது என்றுதான் பார்க்கிறீர்கள். எழுத்துக்கும் எண்ணுக்கும் நாம் ஏற்றுக்கொண்ட இந்த உண்மையை உடம்புக்கும் ஏற்றுக்கொண்டால் போதும்.

எது ஒரு பயிற்சியைக் கடினமாக்குகிறது?

பயிற்சியைக் கடினமாக்கும் வழிகள் ஐந்து.

முதலாவது, தாங்கும் இடம் குறைவது. நான்கு கால் நாற்காலியில் ஒரு காலை எடுத்தால் என்ன ஆகும்? இரண்டு கை, இரண்டு முழங்கால் ஊன்றி நிற்பது எளிது. அதில் ஒன்றைத் தூக்கினால் கடினம்.

இரண்டாவது, நெம்புகோலின் நீளம் கூடுவது. தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துப் பிடித்தால் நடக்கலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடிக்க முடியுமா? காலை மடக்கித் தூக்குவதைவிட நீட்டித் தூக்குவது கடினமாவதும் இதனால்தான். அறிவியல் ஆசிரியர்கள் நெம்புகோல் பாடத்தை இந்தப் பயிற்சியை வைத்தே நடத்தலாம்.

மூன்றாவது, உடம்பின் சாய்வு. சுவரில் கை ஊன்றிச் சாய்ந்தால் எடையின் பெரும்பகுதி காலில் இருக்கும். கீழே போகப்போகக் கைக்கும் வயிற்றுக்கும் பாரம் கூடும்.

நான்காவது, அசைவு. அசையாமல் நிற்பதைவிட, நின்றபடியே ஒரு கையையோ காலையோ அசைப்பது கடினம்.

ஐந்தாவதுதான் நேரமும் எண்ணிக்கையும். நாம் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறோம். இது கடைசியில் வர வேண்டியது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காலையும் நீட்டி, கையையும் தூக்கி, நேரத்தையும் கூட்டினால், பிள்ளை தடுமாறும்போது எதனால் தடுமாறியது என்று உங்களுக்குத் தெரியாது.

படிகள்

தொடங்கும் இடம் மூச்சு. பிள்ளைகளை ஜமுக்காளத்தில் மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். முழங்கால் மடங்கியிருக்கட்டும். ஒரு கை வயிற்றின் மேல். ஐந்து முறை மெதுவாக மூச்சு. பிறகு, "நண்பன் விளையாட்டாக வயிற்றில் குத்த வருகிறான், என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். வயிறு தானாக இறுகும். வயிற்றை உள்ளே இழுக்கச் சொல்ல வேண்டாம், இறுக்கினால் போதும். அந்த இறுக்கத்தோடே ஏழாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் மூச்சு அடங்கவில்லை என்று பொருள். இது வராத பிள்ளைக்கு அடுத்த படி வேண்டாம்.

இனி நான்கு ஏணிகள். பெயர்கள் பிள்ளைகளுக்காக நான் வைத்துக்கொண்டவை.

முதல் ஏணி, மல்லாந்த வண்டு. மல்லாந்து படுத்து, ஒரு குதிகாலைத் தரையில் தேய்த்தபடி நீட்டி மடக்குவது அரும்பு. இரு கால்களையும் நாற்காலியில் உட்கார்ந்ததுபோல மேலே மடக்கி வைத்து, ஒவ்வொரு குதிகாலாகத் தரையைத் தொட்டு மீள்வது மொட்டு. வலக்கையைத் தலைக்கு மேலும் இடக்காலை முன்னாலும் ஒரே நேரத்தில் நீட்டி மீட்பது மலர். இடுப்புக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி தொடக்கம் முதல் முடிவு வரை மாறக்கூடாது.

இரண்டாம் ஏணி, நான்கு கால். கையும் முழங்காலும் ஊன்றி, ஒரு காலைத் தரையில் தேய்த்துப் பின்னால் நீட்டுவது அரும்பு. அந்தக் காலைத் தரையிலிருந்து எடுத்து நேராக வைப்பது மொட்டு. எதிர்ப்பக்கக் கையையும் சேர்த்து நீட்டுவது மலர்.

மூன்றாம் ஏணி, பலகை. இதற்குப் பள்ளிப் படிக்கட்டே போதும். முதலில் சுவரில் கை ஊன்றிச் சாய்வது. பிறகு படிக்கட்டின் மூன்றாம் படியில் கை, பிறகு முதல் படியில் கை. அதன் பிறகு தரையில் முழங்கால் ஊன்றிய பலகை. கடைசியில்தான் கால்விரல் ஊன்றிய முழுப் பலகை. அதுவும் நிலையாக வந்த பிறகு, ஒரு கையை எடுத்து எதிர்த் தோளைத் தொடுவது. கேலோ இந்தியா உடற்தகுதித் தேர்வில் மாணவிகளுக்கு முழங்கால் ஊன்றிய தண்டால் வைத்திருக்கிறார்கள். அந்த மாற்று வடிவம் எந்தப் பிள்ளைக்கும் ஒரு படியாகும். ஆண் பிள்ளைகள் அதில் தொடங்குவதில் எந்தக் குறைவும் இல்லை.

நான்காம் ஏணி, பக்கவாட்டுப் பலகை. ஒரு பக்கமாகப் படுத்து, முழங்கையும் மடக்கிய முழங்காலும் ஊன்றி இடுப்பைத் தூக்குவது தொடக்கம். காலை நீட்டி, மேல் காலை முன்னால் வைத்துப் பாதங்களை ஊன்றுவது அடுத்தது. பாதத்தின் மேல் பாதம் வைப்பது அதற்கும் அடுத்தது.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயக்கவியலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில், நான் சொன்ன நான்கு காலையும் பக்கவாட்டுப் பலகையையும், இவற்றோடு தலையையும் தோளையும் மட்டும் சிறிது தூக்கும் ஒரு பயிற்சியையும் அடிப்படையாக வைக்கிறார். அவர் சொல்லும் முக்கியமான செய்தி நேரம் பற்றியது. ஒரு நிலையில் 10 வினாடிக்கு மேல் நிற்க வேண்டாம், விட்டுவிட்டுப் பல முறை செய்யுங்கள் என்கிறார். முதல் சுற்றில் ஆறு முறை, அடுத்ததில் நான்கு, பிறகு இரண்டு என்று குறைத்துக்கொண்டு போகலாம். சோர்வு வந்தால் வடிவம் கெடும், கெட்ட வடிவமே உடம்புக்குப் பழகிப்போகும். நான் அன்று கடிகாரத்தைப் பார்த்து அந்தப் பையனுக்குக் கற்றுக்கொடுத்தது இடுப்பைத் தொங்கவிடும் பழக்கத்தைத்தான்.

எப்போது அடுத்த படி?

இதற்கு என்னிடம் இருக்கும் கருவி கரும்பலகை டஸ்டர். நான்கு கால், பலகை இரண்டிலும் பிள்ளையின் இடுப்புப் பகுதியில், முதுகின் மேல் டஸ்டரை வையுங்கள். கையையோ காலையோ தூக்கும்போது டஸ்டர் விழாமல் இருந்தால் நடுவுடல் அசையவில்லை. விழுந்தால் அந்தப் படி இன்னும் வரவில்லை. நான் சொல்ல வேண்டியதில்லை, டஸ்டரே சொல்லிவிடும். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். யார் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்ற போட்டி போய், யார் முதுகில் டஸ்டர் நிற்கிறது என்ற விளையாட்டு வந்துவிடும்.

மூன்று அடையாளங்களைப் பாருங்கள். முதுகு அசையவில்லை, பேச்சு வருகிறது, வலி இல்லை. இந்த மூன்றும் இரண்டு வெவ்வேறு நாள்களில் இருந்தால் அடுத்த படி. ஒன்று குறைந்தாலும் அதே படி, தேவையானால் முந்தைய படி. காய்ச்சலில் படுத்து எழுந்த பிள்ளையும், விடுமுறை முடிந்து வந்த பிள்ளையும் ஒரு படி கீழே இறங்கித் தொடங்கட்டும். ஏணியில் இறங்குவதும் ஏணியைப் பயன்படுத்துவதுதான்.

வகுப்புக்கு ஏற்றபடி

ஒன்று முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏணி என்ற பேச்சே வேண்டாம். கரடி நடை, நண்டு நடை, பாலத்தின் கீழ் நண்பன் ஊர்ந்து போவது, ஒற்றைக் காலில் நின்று பாடல் சொல்வது, இவை போதும். விளையாட்டுக்குள்ளேயே படி இருக்கிறது. கரடியாக நிற்பது எளிது, நடப்பது கடினம், முதுகில் டஸ்டரோடு நடப்பது இன்னும் கடினம்.

ஆறாம் வகுப்புக்கு மேல் ஏணிகளைத் தொடங்கலாம். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பும், வாரத்தில் குறைந்தது 3 நாள் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்களும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. அந்த 3 நாளில் 10 நிமிடம் இதற்குக் கிடைத்தால் போதும். மீதி நேரம் கபடிக்கும் ஓட்டத்துக்கும் இருக்கட்டும். இந்தப் பயிற்சிகள் விளையாட்டுக்கு மாற்று அல்ல.

வளரிளம் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படுத்தும் குனிந்தும் செய்யும் பயிற்சிகளைச் சாலை ஓரத் திடலில் செய்யச் சொல்லாதீர்கள். வகுப்பறையில், பெண் ஆசிரியர் உடனிருக்கச் செய்யட்டும். மாதவிடாய் நாளில் செய்வதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும், காரணம் கேட்க வேண்டாம். சுவர்ப் பலகையும் ஒற்றைக் கால் நிலையும் நின்றபடியே செய்பவை என்பதால் யாருக்கும் கூச்சம் தராது.

மலைப் பள்ளிகளில் உள்ளவர்களுக்கு ஒரு சொல். விறகும் தண்ணீரும் சுமந்து மேடு ஏறும் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர்களுடைய காலும் நெஞ்சும் பலமானவை, உண்மைதான். ஆனால் நாள்தோறும் ஒரே பக்க இடுப்பில் குடம் வைக்கும் பெண்ணுக்கு மறுபக்கத்தின் கதை வேறு. வலக்கையில் பாதித் தூரம், இடக்கையில் பாதித் தூரம் என்று ஒரு வாளித் தண்ணீரைச் சாயாமல் சுமந்து நடக்கச் சொல்லிப் பாருங்கள். எந்தப் பக்கம் தளர்ந்திருக்கிறது என்று அவர்களுக்கே தெரியும். அங்கே பயிற்சி என்பது புதிய சுமை ஏற்றுவது அல்ல, இருக்கும் சுமையைச் சரியாகச் சுமக்கக் கற்றுக்கொடுப்பது. புத்தகப்பையும் அப்படித்தான். உடல் எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் பை இருக்கக்கூடாது என்கிறது 2020ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை.

செய்யக்கூடாதவை

மதிய உணவு முடிந்தவுடன் வேண்டாம். மலையில் குளிர்ந்த காலையில், உடம்பு சூடாகும் வரை நடந்தும் ஓடியும் விட்டுத் தொடங்குங்கள். காலில் இறங்கும் வலி, மரத்துப்போதல், இரவில் எழுப்பும் வலி, விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வரும் முதுகு வலி, இவை இருந்தால் பயிற்சி இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள், பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடமும் சொல்லுங்கள். இந்தப் பயிற்சிகள் எல்லா முதுகு வலிக்கும் மருந்து என்று பெற்றோரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. வீட்டுப்பாடம் எழுதாததற்குத் தோப்புக்கரணம், தாமதமாக வந்ததற்குப் பலகை நிலை என்று எந்தப் பயிற்சியையும் தண்டனை ஆக்காதீர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தண்டனையாகச் செய்த பயிற்சியை எந்தப் பிள்ளையும் தன் விருப்பத்தோடு வாழ்நாளில் மீண்டும் செய்யாது.

மரத்தடியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஒரு நாள் அவளிடம் போய், "அன்னைக்கு நான் கொடுத்தது தப்பும்மா. சுவர்ல கை வச்சு நின்னு பாக்குறியா?" என்று கேட்டேன். நின்றாள். பத்து வினாடி. சிரமமே இல்லை. அடுத்த வாரம் படிக்கட்டில் மூன்றாம் படி. அதில் பல வாரங்கள் இருந்தாள், நான் அவசரப்படுத்தவில்லை. ஆண்டு முடிவதற்குள் தரைக்கு வந்தாள். முழங்கால் ஊன்றிய பலகைதான். முழுப் பலகை அந்த ஆண்டு அவளுக்கு வரவில்லை. ஆனால் உடற்கல்விப் பாடவேளையில் அவளுக்கு வயிற்று வலியும் வரவில்லை. எனக்கு அது போதும்.

நாளை உங்கள் வகுப்பில் ஒரே ஒரு டஸ்டரை எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். அதற்கு முன், இன்று இரவு வீட்டில் சுவரில் கை ஊன்றி நீங்களே பத்து வினாடி நின்று பாருங்கள். சற்றுமுன் தூக்கிய கைகளை நான் மறக்கவில்லை.